தமிழ்நாடு தந்த பௌதிக மேதை

சர் சி. வி. இராமனைப் பற்றி அறியாத மாணவி நம் பள்ளியில் ஒருத்தியும் இருக்க மாட்டாள். ஆண்டுதோறும் பிப்ரவரி 28ஆம் நாளைத் தேசிய அறிவியல் தினமாகக் கொண்டாடுகிறோம், படம் வரைகிறோம், பேச்சுப் போட்டி நடத்துகிறோம். ஆனால் 1928ஆம் ஆண்டின் அந்த பிப்ரவரி மாதத்தில் இராமனோடு இருந்து, நாள்தோறும் அந்த ஒளியைத் தம் கண்களால் பார்த்து, நாட்குறிப்பிலும் எழுதி வைத்த இன்னொரு தமிழர் யார் என்று கேட்டால் நாம் விழிக்கிறோம். அவர்தாம் கரியமாணிக்கம் சீனிவாச கிருஷ்ணன்.

இன்றைய விருதுநகர் மாவட்டத்திலுள்ள வத்திராயிருப்பில் 1898ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தையார் உழவுத் தொழில் செய்தவர். தமிழும் வடமொழியும் நன்கு கற்றவர். அந்த இலக்கியப் பற்று மகனுக்கும் வந்து, கடைசி வரை நீங்கவில்லை. ஊர்ப் பள்ளியிலும், மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் பயின்றபின் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரிக்கு வந்தார். அக்கல்லூரி 1937இல்தான் தாம்பரம் சென்றது. அதற்குமுன் அது நம் இராயபுரத்திலிருந்து நடந்தே போய்விடக் கூடிய ஜார்ஜ் டவுனில், உயர்நீதிமன்றத்திற்கு எதிரில் இருந்தது. படிப்பு முடிந்ததும் அங்கேயே இரசாயனச் செய்முறை வகுப்பில் பணியாற்றினார். பகல் உணவு இடைவேளையில் மாணவர்கள் அவரைச் சூழ்ந்துகொள்வர். பௌதிகம், இரசாயனம், கணிதம் எதில் ஐயம் கேட்டாலும் விளக்குவார். செய்தி பரவி, மற்றக் கல்லூரி மாணவர்களும் வரத் தொடங்கினராம். சோற்று மூட்டையை அவிழ்க்கும் நேரத்தில் பாடம் கேட்க நாமாக இருந்தால் போயிருப்போமா என்பது ஐயமே!

1920இல் கல்கத்தா சென்ற கிருஷ்ணன், 1923 முதல் இராமனின் கீழ் ஆராய்ச்சி செய்தார். நீர்மங்களில் ஒளி சிதறும்போது அதன் நிறம் மாறுகிறதா என்பதே கேள்வி. சூரிய ஒளியைக் கண்ணாடி வில்லையால் குவித்து, நீல ஊதா நிறம் மட்டும் செல்லுமாறு வடிகட்டி, சுத்தமான நீர்மத்தின் வழியே செலுத்தினர். பக்கவாட்டில் வரும் ஒளியை, நீல ஊதாவைத் தடுக்கும் இன்னொரு வடிகட்டியின் வழியே பார்த்தனர். நிறம் மாறவில்லை எனில் ஒன்றும் தெரியக் கூடாது. ஆனால் மங்கலாக ஓர் ஒளி தெரிந்தது! ஏறத்தாழ 60 நீர்மங்களில் இதைச் சோதித்தனர். மிக மெல்லிய ஒளியாதலால், இருட்டறையில் கண்ணைப் பழக்கிக்கொண்டு பொறுமையாகப் பார்க்க வேண்டும். அப்பணியில் பெரும்பகுதியைச் செய்தவர் கிருஷ்ணன். முதல் அறிவிப்பு இராமன், கிருஷ்ணன் என்னும் இரு பெயர்களிலும் நேச்சர் இதழில் வெளிவந்தது.

1930இல் நோபல் பரிசு இராமன் ஒருவருக்கே கிடைத்தது. இதைப் படித்தபோது எங்களுக்குள் பெரிய வாதமே நடந்தது. திட்டம் வகுத்துப் பல ஆண்டு தேடியவர் இராமன்தாமே என்று சிலர் சொன்னோம். பார்த்தவருக்கும் பங்கு உண்டு என்று மற்றவர்கள் விடவில்லை. கடைசி வரை எங்களுக்குள் ஒப்புதல் ஏற்படவில்லை. கிருஷ்ணனோ இது குறித்துச் சண்டை எதுவும் போடவில்லை. பரிசு அறிவிக்கப்படும் முன்பே, 1928 இறுதியில், டாக்கா பல்கலைக்கழகத்திற்குப் போய்த் தமக்கென ஒரு புதுத்துறையில் இறங்கிவிட்டார்.

அத்துறை படிகங்களின் காந்தத் தன்மை. துணிப்பெட்டியில் அம்மா போட்டு வைக்கும் பாச்சை உருண்டை நமக்குத் தெரியும். அதுதான் நாப்தலீன். அதன் சிறு படிகம் ஒன்றை மிக மெல்லிய குவார்ட்ஸ் இழையில் கட்டிக் காந்தத்தின் நடுவே தொங்கவிடுவார். இழையின் மேல்நுனியை மெல்ல மெல்ல முறுக்குவார். காந்தம் பிடித்து வைத்திருப்பதால் படிகம் எளிதில் திரும்பாது. ஒரு கட்டத்தில் முறுக்கு மிஞ்சிச் சட்டெனப் புரண்டுவிடும். அந்தக் கோணத்தை அளந்தால், படிகத்தின் காந்தத் தன்மை திசைக்குத் திசை எவ்வளவு வேறுபடுகிறது என்று கணக்கிடலாம். அதைக் கொண்டு, தட்டையான மூலக்கூறுகள் படிகத்தினுள் எப்படிச் சாய்ந்து நிற்கின்றன என்பதையும் சொல்லிவிடலாம். ஓர் இழை, ஒரு காந்தம், நிறையப் பொறுமை! வேறு பெரிய கருவி எதுவும் தேவைப்படவில்லை.

1933இல் கல்கத்தா திரும்பியபின்னும் இவ்வாய்வு தொடர்ந்தது. இங்கிலாந்தில் படிக ஆராய்ச்சி செய்துவந்த காத்லீன் லான்ஸ்டேல் அம்மையாரும் கிருஷ்ணனும் சேர்ந்து 1936இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். 1660இல் தொடங்கிய லண்டன் ராயல் சங்கம், பெண்களை உறுப்பினராக ஏற்றுக்கொண்டது 1945இல்தான். அவ்வாண்டு சேர்ந்த முதல் இரு பெண்களுள் இவ்வம்மையார் ஒருவர். கிருஷ்ணன் 1940இலேயே உறுப்பினராகிவிட்டார். 1942இல் அலகாபாத் பேராசிரியரானார். 1946இல் சர் பட்டம் பெற்றார்.

1947இல் டில்லியில் தேசிய பௌதிக ஆய்வுக்கூடத்தின் முதல் இயக்குநராகப் பொறுப்பேற்றார். சுதந்திர நாட்டுக்குச் சரியான அளவுகோல் ஒன்று தேவைப்பட்ட காலம் அது. ஊருக்கு ஊர் சேர், வீசை, மணங்கு, படி என்று அளவு மாறிக்கொண்டிருந்தது. 1956இல் மெட்ரிக் முறைக்கான சட்டம் வந்தது. பாரிஸ் அருகே பாதுகாக்கப்பட்ட மூலக் கிலோகிராமின் நகல்களுள் 57ஆம் எண் கொண்டது இந்தியாவுக்குரியது. அதைக் காக்கும் பொறுப்பு இவ்வாய்வுக்கூடத்திடம் இருந்தது. 2019இல் கிலோகிராமுக்கு உலகம் புதிய இலக்கணம் வகுக்கும் வரை, காசிமேட்டில் வஞ்சிரம் நிறுத்த எடைக்கல்லும் திருவொற்றியூர் மளிகைக் கடை எடைக்கல்லும் அந்த ஒரே உருளைக்குத்தான் கணக்குச் சொல்ல வேண்டியிருந்தது. 1962 முதல் தேர்தல்களில் நம் பெற்றோர் விரலில் வைக்கப்படும் அழியாத மையும் அங்கே உருவானதே.

எல்லா முயற்சியும் வெற்றி பெற்றுவிடவில்லை. 1950களில் அங்கு செய்த சூரிய அடுப்பு மிகவும் பேசப்பட்டது. ஆனால் வீடுகளில் அது நிலைக்கவில்லை. உச்சி வெயிலில் வெளியே நின்று சமைக்க எந்த அம்மா விரும்புவார்? இராச்சமையலுக்குச் சூரியனை எங்கே தேடுவது? முதலில் நான்கு தாய்மாரைக் கேட்டிருக்கலாம் என்று எங்களுக்குத் தோன்றுகிறது.

1948இல் அமைந்த அணுசக்திக் கமிஷனின் மூவருள் கிருஷ்ணனும் ஒருவர். ஹோமி பாபாவும் சாந்தி ஸ்வரூப் பட்நாகரும் மற்ற இருவர். 1949இல் இந்திய அறிவியல் மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். 1954இல் பத்மபூஷண் பெற்றார். 1958இல் பட்நாகர் பரிசு முதன்முதலாக வழங்கப்பட்டபோது அது இவருக்கே கிடைத்தது. கோப்பும் கூட்டமுமாக நாட்கள் போய்விட்டன. அவர் ஆராய்ச்சியிலேயே இருந்திருந்தால் இன்னும் எவ்வளவோ கண்டிருப்பார் என்று வருந்துவோரும் உண்டு. ஆயினும் அந்த நாற்காலியில் அமர்ந்தபடியே, சூடேறிய உலோகங்களைப் பற்றிய கட்டுரைகளை அவர் தொடர்ந்து எழுதினார் என்பதையும் சொல்ல வேண்டும்.

1961 ஜூன் மாதம் டில்லியில், தம் 62ஆம் வயதில் காலமானார். ராயல் சங்கத்துக்காக அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் பாபாவும் லான்ஸ்டேல் அம்மையாரும். அது 1967இல் அச்சாகி வந்தபோது பாபாவும் உயிரோடு இல்லை. அந்த ஆய்வுக்கூடம் இருக்கும் டில்லிச் சாலைக்கு இன்று டாக்டர் கே. எஸ். கிருஷ்ணன் சாலை என்று பெயர்.