பாயில் படுத்த பாரிஸ்டர்

புதுவைக் கடற்கரைச் சாலையில், எட்டுக் கல்தூண்கள் சூழ நிற்கும் காந்தியடிகளின் சிலையை நாம் அனைவரும் அறிவோம். 1934-ஆம் ஆண்டு பிப்ரவரி 17-ஆம் நாள், தீண்டாமை ஒழிப்புப் பயணத்தின்போது அவர் நம் நகருக்கு வந்து ஒதியஞ்சாலைத் திடலில் பேசியதையும் பெரியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். அவர் எதை உண்டார், எதை உடுத்தார் என்பதெல்லாம் பாடநூல்களில் உள்ளன. எதன்மேல் உறங்கினார் என்பதை மட்டும் நாம் அதிகம் பேசுவதில்லை.

அவர் ஏழை வீட்டில் பிறந்தவர் அல்லர், திவானின் மகன். இலண்டனில் சட்டம் பயின்று 1891-இல் பாரிஸ்டராகத் தாயகம் திரும்பினார். பின்னர் தென்னாப்பிரிக்கா சென்று, டர்பன் நகரின் கடற்கரைப் பகுதியில் மேசை, நாற்காலி முதலியவற்றோடு ஐரோப்பிய முறையில் வீடு வைத்து வாழ்ந்தார். 1904-இல் இரயில் பயணத்தில் படித்த ரஸ்கினின் நூல் ஒன்று அவர் மனத்தை மாற்ற, டர்பனுக்கு அருகே பீனிக்ஸ் குடியிருப்பு தோன்றியது. இந்த வரலாறு நமக்குத் தெரிந்ததே.

படுக்கையின் வரலாறோ சிறையில் தொடங்குகிறது. 1908 ஜனவரியில் ஜோகன்னஸ்பர்க் சிறையில் அடைக்கப்பட்டபோது அவருக்குக் கிடைத்தவை தரையோடு தாழ்ந்த மரப்பலகை, பாய், இரண்டு கம்பளி, பெயருக்கு ஒரு தலையணை. அது தண்டனை, அதில் அவர் விருப்பம் ஒன்றுமில்லை. ஆனால் இரண்டே ஆண்டுகளில் ஏறக்குறைய அதே படுக்கையை அவர் தாமே விரும்பி விரித்துக்கொண்டார். அங்கேதான் நமக்கு வியப்பு.

1910-இல், சிறை சென்ற சத்தியாக்கிரகிகளின் குடும்பங்களை எப்படிக் காப்பது என்ற கேள்வி எழுந்தது. வீடு வீடாக மாதப்பணம் கொடுத்துப் போராட்ட நிதி கரைந்துகொண்டிருந்தது. அப்போது காலன்பாக் என்னும் ஜெர்மானியக் கட்டடக் கலைஞர், ஜோகன்னஸ்பர்கிலிருந்து 21 மைல் தொலைவிலிருந்த தம் 1,100 ஏக்கர் நிலத்தை வாடகையின்றிக் கொடுத்தார். அதுவே டால்ஸ்டாய் பண்ணை. அங்கு வந்தவர்களில் தமிழர் பலர். இந்து, இஸ்லாமியர், பார்சி, கிறிஸ்தவர் என எல்லாரும் இருந்தனர். அவர்களுக்கு ஆளுக்கு இரண்டு கம்பளி: ஒன்று கீழே விரிக்க, மற்றொன்று மேலே போர்த்த. தலைக்கு ஒரு மரக்கட்டை. எல்லாரும் தரையில்தான் படுத்தார்கள். கட்டில்கள் வாங்கியிருக்கலாம், ஆனால் அந்தப் பணம் எங்கோ ஒரு கூலித் தொழிலாளி நம்பிக்கையோடு கொடுத்த நன்கொடை அல்லவா?

உணவில் அவர் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. புலால் உண்ணும் வழக்கமுள்ள கிறிஸ்தவப் பெண்களிடம் கேட்டு, அவர்கள் மனமார இசைந்த பிறகே பொதுச் சமையலைச் சைவமாக்கினார். தரைப்படுக்கை மட்டும் அனைவருக்கும் ஒன்றே. தந்தை சிறையில் இருக்க, மரக்கட்டையில் தலைவைத்துப் படுத்த சிறுவர்களை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். இது நம்மைச் சற்று உறுத்தத்தான் செய்கிறது. ஆனால் அண்ணல் வேறொரு அறையில் மெத்தைமேல் படுத்துக்கொண்டு அவர்களுக்கு எளிமையைப் போதிக்கவில்லை. திறந்த தாழ்வாரத்தில், அதே பிள்ளைகளின் நடுவே, அதே இரண்டு கம்பளிகளோடு படுத்திருந்தார்.

காலன்பாக்கையும் இங்கே மறக்கலாகாது. வீட்டு வாடகை நீங்கலாகத் தமக்கென்றே மாதம் 1,200 ரூபாய் செலவழித்தவர் அவர். காந்தியடிகளின் நட்பால் அச்செலவை 120 ரூபாயாகக் குறைத்தார். அவரும் பண்ணையில் வந்து வாழ்ந்தார்.

பசி ருசி அறியாது, நித்திரை சுகம் அறியாது என்பார்கள் நம் பாட்டிமார். உழைத்துக் களைத்தவருக்கு அது பொருந்தும். நம் தமிழர் தெருக்களின் பழைய திண்ணைகளில் எத்தனையோ வழிப்போக்கர்கள் வெறுந்தரையில் துண்டை விரித்து நன்றாகத் தூங்கியிருக்கிறார்கள். ஆனால் அவர்களுக்கு வேறு வழியில்லை, பாரிஸ்டருக்கு இருந்தது. நமது காரைக்காலுக்கு அருகிலுள்ள தில்லையாடியைப் பூர்வீகமாகக் கொண்ட வள்ளியம்மையையும் இவ்விடத்தில் நினைக்கிறோம். 1913-இல் சிறை செல்ல அவளை யாரும் வற்புறுத்தவில்லை. கடுங்காய்ச்சலோடு வெளியே வந்து, 1914 பிப்ரவரி 22-இல், பதினாறே வயதில் இறந்தாள். நம் மேல்வகுப்பு மாணவியரின் வயது! தானே ஏற்றுக்கொண்ட துன்பம் மெத்தென்று இருக்கும் என்று நாம் எண்ணிவிடக் கூடாது.

1931-இல் வட்டமேசை மாநாட்டிற்காக இலண்டன் சென்றபோதும் அண்ணல் பெரிய விடுதிகளை நாடவில்லை. தொழிலாளர் வாழும் கிழக்குப் பகுதியில், மியூரியல் லெஸ்டர் அம்மையார் நடத்திய கிங்ஸ்லி மண்டபத்தின் மாடியிலிருந்த சிற்றறையில், தரைவிரிப்பே படுக்கையாகப் பன்னிரண்டு வாரம் அளவில் தங்கினார். மாநாடு நடந்த அரண்மனையோ பல மைல் தொலைவு. குளிர்காலம் வேறு! விடியுமுன் எழுந்து வழிபட்டு, அந்த ஏழைத் தெருக்களில் நடப்பார், பிள்ளைகள் பின்தொடர்வார்கள்.

சேவாகிராமத்தில் குடில் கட்டியபோது, செலவு 500 ரூபாயைத் தாண்டக்கூடாது, உள்ளூர்ப் பொருளும் உள்ளூர் ஆட்களுமே வேண்டும் என்று திட்டமாகச் சொல்லிவிட்டார். மண்சுவர், ஓட்டுக்கூரை, தரையில் பாய்.

அவரை எளிமையில் வைத்திருக்க எவ்வளவு செலவாகிறது என்று சரோஜினி நாயுடு அம்மையார் கேலி செய்ததுண்டு. அதில் உண்மையும் உண்டு. அடிகளின் இறுதி நாட்கள் டில்லியில் பெருஞ்செல்வர் பிர்லாவின் மாளிகையில்தான் கழிந்தன. 1948 ஜனவரி 30 அன்று அங்கேதான் சுடப்பட்டார். இன்று நினைவிடமாகிவிட்ட அம்மாளிகைக்குச் சென்றால் அவர் இருந்த அறையைப் பார்க்கலாம். தரையில் விரித்த வெள்ளை விரிப்பு, ஒரு திண்டு, அருகே ஒரு குட்டை மேசை.