மதுரை கண்ட காஜியார் இப்னு பதூதா

மொராக்கோவின் தாஞ்சியர் நகரில், காஜிகள் பலரைத் தந்த குடும்பத்தில் 1304ஆம் ஆண்டு பிறந்தவர் இப்னு பதூதா. 1325இல், 21 வயதில், ஹஜ் கடமையை நிறைவேற்றப் புறப்பட்டார். மக்காவைக் கண்ட பின்னும் பயணம் நிற்கவில்லை. 1349இல்தான் தாய்நாடு திரும்பினார்.

உலகம் சுற்றியவர் என்று நம் பிள்ளைகள் அவரை அறிவார்கள். அவர் தமிழ் மண்ணுக்கும் வந்தார் என்பதும், அங்கே கண்டதை எப்படிப் பதிவு செய்தார் என்பதும் நம் குடும்பங்கள் அறிய வேண்டிய செய்தி.

1330களின் தொடக்கத்தில் இன்றைய துருக்கி வழியாகச் சென்றார். அன்று துருக்கி என்ற பெயரில் ஒரு நாடு இல்லை. செல்ஜூக் அரசு சிதைந்து, அய்தின், மெந்தெஷெ, கரமான் எனப் பல சிற்றரசுகள் இருந்தன. முன்பு ரோமர் ஆண்ட மண் என்பதால் அதை ரூம் என்றே அழைத்தார்கள். புர்சாவை ஆண்ட ஒர்ஹானையும் அவர் சந்தித்தார். ஒர்ஹானின் தந்தை உஸ்மான் பெயரால் வந்ததே உஸ்மானியப் பேரரசு. மலாயில் நாம் துர்கி உத்மானியா என்கிறோம். ஆனால் அப்பேரரசில் துருக்கியரோடு கிரேக்கர், ஆர்மீனியர், அரபியர் எனப் பலரும் வாழ்ந்தனர். துருக்கிக் குடியரசு பிறந்ததோ 1923இல். இன்றைய நாட்டின் பெயரை அன்றைய அரசுக்குச் சூட்டினால், பலருக்கும் உரிய வரலாறு ஓர் இனத்தின் சொத்தாகிவிடும்.

பிறகு டில்லிக்கு வந்தார். முகம்மது பின் துக்ளக் அவரைக் காஜியாக நியமித்தார். பின்னர் சீனாவுக்குத் தூதராக அனுப்பினார். கோழிக்கோட்டில் கப்பல்கள் புயலில் சிக்கி அழிந்தன. மாலத்தீவில் சில காலம் காஜியாக இருந்துவிட்டு இலங்கைக்குச் சென்றார். அங்கே தமிழ் மன்னர் ஆரியச் சக்கரவர்த்தி அவரை மரியாதையோடு வரவேற்று, முத்துகள் தந்து, பாவா ஆதம் மலைக்குத் துணைக்கு ஆட்களும் அனுப்பினார். வேறு சமயத்து மன்னர் செய்த அந்த உபகாரத்தை அவர் மறைக்காமல் சொன்னார்.

அங்கிருந்து தமிழகக் கரைக்கு வந்தார். அரபியர் அக்கரையை மஅபர் என்பார்கள். டில்லியின் ஆளுநராக இருந்த ஜலாலுத்தீன் அஹ்சன், 1330களில் பிரிந்து மதுரையில் தனியரசு அமைத்திருந்தார். அதைத் துலுக்கர் ஆட்சி என்பது தமிழ் வழக்கு. துருக்கர் என்பதே துலுக்கர் ஆனது. ஆனால் அஹ்சன் வட இந்தியாவின் கைத்தல் ஊரைச் சேர்ந்த சையிது. பின்னர் ஆண்ட கியாசுத்தீன் தாமகானியின் பெயரில் இருப்பதோ பாரசீக நகரம். அந்தப் படைகள் வருமுன்பே காயலிலும் கீழக்கரையிலும் கடல் வணிகம் செய்த நம் முன்னோர் மீதும் அதே பெயர் விழுந்தது. கப்பலேறி மலாயாத் தோட்டங்கள் வரை அது வந்ததைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

கியாசுத்தீன், இப்னு பதூதாவுக்குச் சகலபாடி. இருவரும் மணந்தது அஹ்சனின் பெண்மக்களை. இப்னு பதூதா அவருடைய விருந்தாளியாகவும் இருந்தார். ஆனாலும் கியாசுத்தீன் ஊர்மக்களைப் பிடித்து, பெண்கள், பிள்ளைகள் என்றும் பாராமல் கொன்ற கொடுமையை அவர் மூடி மறைக்கவில்லை. வேறெந்த அரசரும் இப்படிச் செய்ததாகத் தாம் அறிந்ததில்லை என்றார். அந்த அரசரின் உயிர் விரைவில் பிரிந்ததற்கும் அதையே காரணமாகச் சொன்னார். மதுரையை எதிர்த்த ஹொய்சள மன்னர் வல்லாளரின் படையில் 20,000 முஸ்லிம்கள் இருந்ததாகவும் அவர் குறிக்கிறார். ஆகவே அந்தப் போரை இரு மதங்களின் போர் என்று சுருக்கிவிட முடியாது.

சீனா செல்லும் வழியில், நம் லூமுட் கடலுக்கு அக்கரையில் உள்ள சுமத்ராவின் பாசாய் அரசில் தங்கினார். ஊர் திரும்பியபின், மொராக்கோ சுல்தானின் ஆணைப்படி அவர் சொல்லச் சொல்ல இப்னு ஜுஸய் எழுதிய பயணநூல் 1355இல் நிறைவுற்றது. அதில் ஆண்டுக் குழப்பங்கள் உண்டு. பிறர் நூலிலிருந்து எடுத்த பகுதிகளும் உண்டு. அவருக்கும் விருப்பு வெறுப்பு இருந்தது. வல்லாளர் படையில் இருந்த முஸ்லிம்களைக் குற்றவாளிகள், ஓடிவந்த அடிமைகள் என்றே தள்ளிவிட்டார். ஹிஜ்ரி 770இல், அதாவது 1368-69இல், அவர் காலமானார்.

எஸ்பிஎம் தேர்வில் வரலாறு கட்டாயப் பாடம். பிள்ளைகள் அதைப் படிக்கும்போது, ஓர் அரசின் பெயரைக் கண்டால் அதை யார் வைத்தார்கள், எப்போது வைத்தார்கள் என்று கேட்கப் பழக்குவோம். நம்மவர் செய்த நன்மையோடு தீமையையும் சொல்லித் தருவோம். கடைக் கணக்கில் வரவை மட்டும் எழுதி வைத்தால் யாரும் நம்பமாட்டார்கள். வரலாறும் அப்படித்தான். சகலபாடி என்றும் பாராமல் உண்மையை எழுதிய காஜியாரை மதுரையின் வரலாற்றை எழுதுவோர் இன்றும் சாட்சியாக அழைக்கிறார்கள்.