கலங்கல் தந்த கருவி மேதை ஜி. டி. நாயுடு

— இளம் அறிவியல் (இயற்பியல்), இரண்டாம் ஆண்டு மாணவர், கொடுமுடி

பொறியியல் வரலாற்றில் 1893 ஆம் ஆண்டு நினைவிற் கொள்ளத்தக்கது. அவ்வாண்டில்தான் அங்கேரி நாட்டில் டோனாட் பாங்கி, யானோஸ் சோங்கா என்னும் இரு பொறியாளர்கள், பெட்ரோலை நுண்துளியாகத் தெளித்துக் காற்றுடன் கலக்கும் கார்பரேட்டருக்குக் காப்புரிமை பெற்றனர். ஜெர்மனியில் வில்ஹெல்ம் மேபாக் என்பாரும் ஏறத்தாழ அதே காலத்தில் அத்தகைய கருவி ஒன்றை அமைத்தார். அதே 1893 இல், மார்ச்சுத் திங்கள் 23 ஆம் நாள், கோவைக்கு அருகிலுள்ள கலங்கல் என்னும் சிற்றூரில், கோபால்சாமி நாயுடு என்ற உழவரின் வீட்டில் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. துரைசாமி என்று பெயரிட்டனர். கார்பரேட்டரும் அதைக் கழற்றிப் பார்க்கப்போகும் கைகளும் ஒரே ஆண்டில் தோன்றியதைத் தற்செயல் என்றே கொள்வோம்; ஆயினும் இனிய தற்செயல்.

இளமையும் மோட்டார் சைக்கிளும்

துரைசாமி சிறுவயதிலேயே தாயை இழந்தார். பள்ளிப் படிப்பு தொடக்க வகுப்புகளோடு நின்றுவிட்டது. வகுப்பில் உட்கார்ந்திருக்க அவரால் முடியவில்லை. தோட்டத்து வேலையும், தாமாகவே தேடிப் படித்த புத்தகங்களுமே அவருக்குப் பள்ளியாயின.

அந்நாளில் ஆங்கில அதிகாரி ஒருவர் ஊர்ப்பக்கம் ரட்ஜ் மோட்டார் சைக்கிளில் வந்தார். மாடும் குதிரையும் இல்லாமல் ஓடும் வண்டியை இளைஞர் துரைசாமி கண்கொட்டாமல் பார்த்தார். பார்த்த பலரும் வியந்துவிட்டு வீட்டுக்குப் போயினர். அவர் மட்டும் அதை வாங்கியே தீர்வது என்று முடிவு செய்தார். கோவைக்கு வந்து, ஓட்டல் ஒன்றில் பரிமாறும் வேலையில் சேர்ந்து, காசு காசாகச் சேர்த்து, 300 ரூபாய்க்கு அந்த வண்டியை வாங்கினார்.

வாங்கிய வண்டியில் அவர் ஊர்வலம் போகவில்லை. அதை அக்கக்காகப் பிரித்தார். பிரித்ததை மீண்டும் பூட்டினார். கற்றுக்கொடுக்க ஆசிரியர் இல்லை. ஒவ்வோர் உறுப்பும் எதற்காக அங்கே இருக்கிறது என்று தாமே கேட்டுத் தாமே விடை கண்டார்.

கார்பரேட்டர் கற்பிக்கும் பாடம்

அவ்வாறு பிரித்துப் பூட்டுவதில் என்ன பெரிய கல்வி இருக்கிறது என்று சிலர் கேட்கலாம். கார்பரேட்டரை மட்டும் எடுத்துக்கொள்வோம். குறுகிய குழாய் வழியே காற்று விரைந்து செல்லும்போது அவ்விடத்தில் அழுத்தம் குறைகிறது. அழுத்தம் குறைந்த இடத்துக்கு, மிதவை அறையிலுள்ள பெட்ரோல் ஜெட் எனப்படும் சிறு துளை வழியே மேலேறித் தெறிக்கிறது. நாம் வகுப்பில் படிக்கும் பெர்னோலி தேற்றம் இதுதான். தேர்வில் பத்து மதிப்பெண்ணுக்கு எழுதுகிறோம். நம் வீட்டு வாசலில் நிற்கும் பழைய வண்டிக்குள் அது இருப்பதை மறந்துவிடுகிறோம்.

பெட்ரோல் முழுமையாக எரிய, எடைக் கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். தொழிற்சாலையில் பொருத்திய சைலன்சரையும் ஏர் ஃபில்டரையும் கணக்கிட்டே ஜெட்டின் அளவை வைத்திருப்பார்கள். நம் இளைஞர்கள் சிலர் பழைய வண்டிகளுக்குத் தடையில்லாத சைலன்சரும் திறந்த ஃபில்டரும் மாட்டுகின்றனர். அப்போது காற்றின் போக்கு மாறிவிடுகிறது. பழைய ஜெட் தரும் பெட்ரோல் அந்தக் காற்றுக்குப் பற்றுவதில்லை. ஆக்சிலேட்டரை விடும்போது சைலன்சரில் படபடவென்று வெடிக்கும்; முறுக்கினால் வண்டி தயங்கும்; இஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் முனை வெளுத்திருக்கும். பெட்ரோல் மிகுந்தாலோ பிளக்கில் கரி படியும், புகை வரும், எண்ணெய்ச் செலவு ஏறும். இளம் பழுப்பு நிறமே நல்ல கலவைக்கு அடையாளம்.

இதைச் சரிசெய்ய ஒழுங்கான முறை உண்டு. வண்டி நின்ற நிலையில் ஓடும்போதும் ஆக்சிலேட்டரைச் சிறிது திறக்கும்போதும் பைலட் ஜெட்டும் அதன் திருகும் ஆள்கின்றன. நடுத்தரத் திறப்பில் ஊசி ஆள்கிறது; அதன் கிளிப்பை ஒரு பள்ளம் கீழிறக்கினால் ஊசி மேலேறிப் பெட்ரோல் கூடும். முழுத் திறப்பில் மெயின் ஜெட் ஆள்கிறது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். மாற்றியபின் ஓட்டிப் பார்க்க வேண்டும். பிளக்கின் நிறத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால் எதனால் எது விளைந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. ஆய்வுக்கூடத்தில் நம் ஆசிரியர்கள் வலியுறுத்தும் முறையும் இதுவேயன்றோ? சமவெளியில் சரியாக ஓடிய வண்டி, 2,200 மீட்டருக்கு மேல் உயரமுள்ள உதகைக்கு ஏறினால், அங்கே காற்று மெலிந்திருப்பதால் கலவையில் பெட்ரோல் மிகுந்து திணறும். கருவி இடத்தையும் அறியும்; அறியாதவன் ஓட்டுபவனே.

ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். காது கிழியும் சைலன்சர் சட்டத்துக்கும் ஒவ்வாது, ஊருக்கும் ஒவ்வாது. மேலும் 2020 ஏப்ரலில் பாரத் நிலை 6 விதிகள் நடைமுறைக்கு வந்தபின், புதிய மோட்டார் சைக்கிள்களில் கார்பரேட்டரின் இடத்தைக் கணிப்பொறி ஆளும் எரிபொருள் தெளிப்பு முறை பிடித்துக்கொண்டது. ஆனால் காற்றுக்கும் பெட்ரோலுக்கும் உள்ள கணக்கு மாறவில்லை.

பேருந்து முதலாளி

ரட்ஜ் வண்டியில் கற்றது வீண்போகவில்லை. இடையில் திருப்பூரில் பஞ்சு வாணிகம் செய்து பணம் ஈட்டினார். பம்பாய் சென்று அதை இழந்தார். வெறுங்கையுடன் திரும்பியவருக்குக் கோவைத் தொழிலதிபர் சர் ராபர்ட் ஸ்டேன்ஸ் உதவினார். அவர் கடனாகத் தந்த தொகையுடன் மேலும் பணம் திரட்டிப் பேருந்து ஒன்று வாங்கி, 1920 இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டினார். அந்த ஒரு பேருந்துதான் யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ், அதாவது யூ.எம்.எஸ்., என்னும் பெரும் நிறுவனமாக வளர்ந்தது. இஞ்சினின் அதிர்வைச் சோதிக்கும் கருவியையும் அவர் உருவாக்கினார். வண்டி வழியில் நின்றபின் பழுது பார்ப்பதைவிட, நிற்குமுன் கண்டுபிடிப்பதே சிறப்பு என்பது அதன் உட்பொருள்.

கண்டுபிடிப்புகள்

1937 இல் டி. பாலசுந்தரம் நாயுடுவுடன் சேர்ந்து கோவை பீளமேட்டில் இந்தியாவின் முதல் மின்மோட்டார் எனப் போற்றப்படும் மோட்டாரைத் தயாரித்தார். கிணற்று நீரைக் கவலை கட்டி இறைத்த கொங்கு வேளாண்மைக்கு மின்மோட்டார் எத்தகைய மாறுதலைத் தந்தது என்பதை உழவர் வீட்டுப் பிள்ளைகளாகிய நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. கோவை இன்று பம்புகளுக்கும் மோட்டார்களுக்கும் பெயர் பெற்று நிற்பதற்கு அம்முயற்சியும் ஒரு வித்தாகும்.

ரசாந்த் என்னும் மின் சவரக் கருவி, மிக மெல்லிய பிளேடு, பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயில் ஓடும் விசிறி, மோசடி செய்ய இயலாத வாக்குப்பதிவு இயந்திரம் என அவர் படைத்தவை பல. 1941 இல் ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குத் தர முடியும் என்று காட்டினார். 1952 இல் இருவர் செல்லும் பெட்ரோல் கார் ஒன்றை 2,000 ரூபாய் விலையில் உருவாக்கினார். அரசின் உரிமம் கிட்டாமையால் அது தெருவுக்கு வரவில்லை. ஏழை வீட்டு வாசலில் கார் நிற்கும் நாளை அந்தத் தாமதம் எத்தனை ஆண்டு தள்ளிப் போட்டதோ என்று எண்ணும்போது நெஞ்சம் கனக்கிறது.

கல்விப் பணி

படிப்பைப் பாதியில் விட்ட நாயுடுவை எடுத்துக்காட்டி, பட்டம் எதற்கு என்று கேட்போர் நம் ஊர்களில் உண்டு. கொடுமுடியில் எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசல் மிதித்த முதல் ஆள் நான். அந்தக் கேள்வி என் காதிலும் விழுந்திருக்கிறது. கேட்பவர்கள் அவர் வாழ்வின் மறுபாதியையும் பார்க்க வேண்டும். தாம் ஈட்டிய செல்வத்தை அவர் எதற்குத் தந்தார்? கல்விக்கே தந்தார். 1945 இல் அன்றைய சென்னை ஆளுநர் ஆர்தர் ஹோப் பெயரால் பாலிடெக்னிக்கும் பொறியியற் கல்லூரியும் கோவையில் எழ அவரது கொடையும் உழைப்பும் காரணமாயின. இன்று தடாகம் சாலையில் விளங்கும் அரசு தொழில்நுட்பக் கல்லூரியின் தொடக்கம் அதுவே. அங்கு முதல்வர் பொறுப்பையும் ஏற்றார். நான்காண்டுப் படிப்பு நெடியது, செய்முறையோடு குறுகிய காலத்தில் கற்பிக்கலாம் என்பது அவர் கொள்கை. அதை அரசு ஏற்காததால் விலகினார்.

ஆக, அவர் வெறுத்தது கல்வியை அன்று, கைபடாத கல்வியை. பள்ளியில்லாமல் அவர் உயர்ந்தார் என்பது உண்மை. ஆனால் அவருக்குக் கடன் தர ஒரு ஸ்டேன்ஸ் துரை இருந்தார். எல்லார்க்கும் அப்படி ஒருவர் வாய்ப்பதில்லை. நம் போன்றோர்க்கு அந்த இடத்தில் நிற்பது அரசுக் கல்லூரியே. அதே வேளையில், பட்டறையில் ஸ்பேனர் பிடித்து நிற்கும் நம் வயதுத் தம்பிமார், பெர்னோலியின் பெயரை அறியாமலே அவர் தேற்றத்தை நாளும் கையாள்கின்றனர். பெயரை அறிந்த நாம் கையாளத் தெரியாமல் நிற்பது அழகாகுமா? இவ்விரு கல்வியும் ஒன்றாக வேண்டும் என்பதற்கே நாயுடு வாழ்நாளெல்லாம் பாடுபட்டார்.

நிறைவு

1974 சனவரி 4 ஆம் நாள் அவர் மறைந்தார். கோவை அவிநாசி சாலையில் அவர் பெயரால் கண்காட்சியும், 2015 இல் திறக்கப்பட்ட கார் அருங்காட்சியகமும் உள்ளன. அதே சாலையில் சுமார் 10 கிலோமீட்டர் நீளத்தில் எழுப்பிய மேம்பாலத்துக்கு 2025 அக்டோபரில் அவர் பெயர் சூட்டப்பட்டது. நடந்தும் மாட்டு வண்டியிலும் கோவைக்கு வந்து போன தலைமுறையில் பிறந்தவர் பெயரைத் தாங்கி இன்று வண்டிகள் விரைகின்றன.

மாணவ நண்பர்களே! கோவை செல்லும்போது அக்கண்காட்சியை ஒருமுறை பார்த்து வாருங்கள். விடுமுறையில் உங்கள் ஊர்ப் பட்டறையில் ஒரு கார்பரேட்டரையாவது கழற்றிப் பூட்டக் கற்றுக்கொள்ளுங்கள். கையும் கருத்தும் ஒன்றுபட உழைத்த அப்பெருமகனுக்கு நாம் செலுத்தும் நன்றி அதுவேயாகும். வளர்க அவர் புகழ்!