கூடாரம் தைத்த திருத்தூதர்



நம் ஆலயங்களில் புனித பவுலடியாரின் திருவுருவத்தைப் பார்த்திருக்கிறோம். ஒரு கையில் வாள், மறு கையில் ஏடு. வாள் அவருடைய மறைசாட்சி மரணத்தைக் குறிக்கிறது. ஏடு அவர் எழுதிய திருமுகங்களைக் குறிக்கிறது. ஆனால் அந்தக் கைகள் பல ஆண்டுகள் பிடித்திருந்த வேறொரு பொருளை எந்தச் சிற்பியும் செதுக்குவதில்லை. அது ஊசி. பவுலடியார் தொழிலால் கூடாரம் செய்பவர் (திப 18:3). அவருடைய வாழ்வை இன்று அந்த ஊசியின் வழியாகச் சிந்திப்போம்.

வெள்ளாட்டு உரோமத்தின் நாடு

பவுல் பிறந்த தர்சு நகர் இன்றைய துருக்கியின் தென்பகுதியில் இருக்கிறது. அது அன்றைய சிலிசியா மாநிலத்தின் தலைநகர். கல்விக்கும் வாணிபத்துக்கும் பெயர் பெற்றது. நகருக்கு வடக்கே தவுரு மலைத்தொடர். அந்த மலைப்பகுதி வெள்ளாடுகளின் உரோமத்தைக் கொண்டு நெய்த முரட்டுத் துணிக்கு மாநிலத்தின் பெயரையே வைத்து 'சிலிசியம்' என்று இலத்தீனில் அழைத்தார்கள். பிற்காலத்தில் துறவியரும் தவம் செய்வோரும் உடலை ஒறுக்க அணிந்த முரட்டு ஆடைக்கும் அதே பெயர் வந்தது.

பவுல் தோல் கூடாரங்கள் தைத்தார் என்று சொல்லும் திருச்சபைத் தந்தையரும் உண்டு. தோலோ துணியோ, அந்தக் காலத்தில் கூடாரம் என்பது பொழுதுபோக்குப் பொருள் அல்ல. படைவீரருக்கும் வழிப்போக்கருக்கும் ஆடு மேய்ப்போருக்கும் அதுவே வீடு. கடைக்காரருக்கு அதுவே வெயில் மறைக்கும் பந்தல்.

வெள்ளாட்டு உரோமத் துணிக்கு ஒரு சிறப்பு உண்டு. உலர்ந்திருக்கும்போது இழைகளுக்கு இடையே காற்று நுழையும், அடுப்புப் புகை வெளியேறும். மழை பட்டதும் உரோமம் ஊதிப் பருத்து இடைவெளிகளை அடைத்துக்கொள்ளும், தண்ணீர் உள்ளே வராது. பாலைவனத்தில் வாழும் பெதுயின் மக்கள் இத்தகைய கருநிறக் கூடாரங்களைத் தலைமுறை தலைமுறையாக நெய்து வந்திருக்கிறார்கள். நீண்ட பட்டைகளாக நெய்து, பட்டையோடு பட்டை சேர்த்துத் தைப்பார்கள். ஒரு பட்டை நைந்துபோனால் அதை மட்டும் பிரித்துவிட்டுப் புதியதைச் சேர்ப்பார்கள். ஆகவே தாய் நெய்த பட்டையும் மகள் நெய்த பட்டையும் ஒரே கூரையில் அருகருகே இருக்கும்.

பாலைவனத்தில் இறைவனின் உறைவிடத்தை மூடவும் இதே வெள்ளாட்டு உரோமத் துணிதான் பயன்பட்டது. முப்பது முழ நீளமும் நான்கு முழ அகலமும் கொண்ட பதினொரு விரிப்புகள் செய்யும்படி மோசே பணிக்கப்பட்டார் (விப 26:7-8). கூடாரத் தொழிலாளிக்கு இதைவிடப் பெருமை வேறு என்ன வேண்டும்?

தந்தை தந்த சொத்து

பவுல் பிறப்பிலேயே உரோமைக் குடியுரிமை பெற்றவர். பரிசேயரின் மகன். எருசலேமில் கமாலியேலிடம் திருச்சட்டம் பயின்றவர். இப்படிப்பட்ட படிப்பாளிக்குக் கைத்தொழில் எதற்கு என்று நாம் கேட்கலாம். யூத மரபு அப்படிக் கேட்கவில்லை. மகனுக்குத் திருச்சட்டத்தைக் கற்பிப்பதும் ஒரு தொழிலைக் கற்பிப்பதும் தந்தையின் கடமைகள் என்று யூத அறிஞர்கள் போதித்தார்கள். அந்த வழக்கத்தை வைத்துப் பார்த்தால், குடியுரிமையோடு தொழிலும் பவுலுக்குத் தந்தை வழியில் வந்தது என்று கொள்வதே பொருத்தம்.

கிரேக்க, உரோமை உலகின் மேல்தட்டு மக்களின் எண்ணமோ வேறு. உடல் உழைப்பு அடிமைகளுக்கு உரியது என்று அவர்கள் நினைத்தார்கள். கற்றவர் கையில் காய்ப்பு இருப்பது அவர்களுக்கு இழிவாகத் தெரிந்தது. பவுல் இந்த இரண்டு உலகங்களுக்கும் நடுவே வாழ்ந்தார்.

திருச்சபையைத் துன்புறுத்தச் சென்ற சவுலைத் தமஸ்கு செல்லும் வழியில் ஆண்டவர் தடுத்தாட்கொண்டார். அன்று அவர் பெருமையாகக் கருதியவை எல்லாம் குப்பையாகிப் போயின. குலப்பெருமை போனது. பரிசேயர் என்னும் மதிப்பு போனது. நண்பர்கள் பகைவரானார்கள். ஆனால் தந்தை கற்றுத் தந்த தொழில் மட்டும் கையை விட்டுப் போகவில்லை. கத்தி, குத்தூசி, நூல் ஆகியவை ஒரு பைக்குள் அடங்கும் கருவிகள். எந்த ஊருக்கும் கொண்டு போகலாம்.

கொரிந்தில் ஒரு பட்டறை

கி.பி. 50ஆம் ஆண்டளவில் பவுல் கொரிந்துக்கு வந்தார். அது இரண்டு துறைமுகங்கள் கொண்ட, பணமும் ஒழுக்கக்கேடும் மலிந்த நகரம். அருகிலிருந்த இஸ்துமியாவில் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை விளையாட்டு விழா நடக்கும். கூட்டம் கூடும் இடத்தில் கூடாரத்துக்கும் பந்தலுக்கும் தேவை இருக்குமல்லவா?

அங்கே அவர் அக்கிலா, பிரிஸ்கில்லா தம்பதியைச் சந்தித்தார். அக்கிலா கருங்கடல் ஓரத்துப் போந்து மாநிலத்தவர். யூதர்கள் உரோமையை விட்டு வெளியேற வேண்டும் என்று கிளவுதியு பேரரசர் கட்டளையிட்டதால், தொழிலையும் வீட்டையும் விட்டுக் கொரிந்துக்குப் புலம்பெயர்ந்த குடும்பம் அது. அவர்களுக்கும் கூடாரத் தொழில்தான். பவுல் அவர்களோடு தங்கினார். மூவரும் சேர்ந்து வேலை செய்தார்கள்.

பவுல் பதினெட்டு மாதங்கள் கொரிந்தில் இருந்தார். ஓய்வுநாளில் தொழுகைக்கூடத்தில் பேசினார். மற்ற நாள்களில் தைத்துக்கொண்டிருந்தார். தையல் வேலையில் கைகள்தான் ஓயாது. வாய்க்குத் தடை இல்லை. துணி வாங்க வந்தவர், பழுது பார்க்க வந்தவர், வெயிலுக்கு ஒதுங்கியவர் ஆகிய பலர் அந்தப் பட்டறையில் கிறிஸ்துவைப் பற்றிக் கேட்டிருக்க மாட்டார்களா? தெசலோனிக்காவில் இரவும் பகலும் உழைத்துக்கொண்டே நற்செய்தியைப் பறைசாற்றியதாக அவரே நினைவுபடுத்துகிறார் (1 தெச 2:9).

எபேசு நகரில் அவர் திரன்னு என்பவரின் கூடத்தில் நாள்தோறும் கற்பித்தார். பழைய கையெழுத்துப் படிகள் சில, முற்பகல் பதினொரு மணி முதல் மாலை நான்கு மணி வரை என்று நேரத்தையும் குறிக்கின்றன. அது ஊரே ஓய்வெடுக்கும் நேரம். பவுல் வேலையை நிறுத்திய நேரத்தில் போதனையைத் தொடங்கினார். அங்கே மக்கள் அவர் உடலில் பட்ட துணிகளை எடுத்துச் சென்று நோயாளிகள் மீது வைத்தார்கள், அவர்கள் நலமடைந்தார்கள் (திப 19:12). அவற்றுள் தொழிலாளர் வேலையின்போது இடுப்பில் கட்டும் துணியும் உண்டு. வியர்வை பட்ட வேலைத்துணி வழியாக ஆண்டவர் குணமளித்தார்!

ஏன் கூலி வாங்கவில்லை?

நற்செய்தி அறிவிப்பவர் நற்செய்தியால் வாழ உரிமை உண்டு என்பதைப் பவுல் மறுக்கவில்லை. ஆண்டவரே அப்படி ஏற்படுத்தினார் என்று வாதாடுகிறார். பிறகு, அந்த உரிமையைத் தாம் பயன்படுத்தவில்லை என்கிறார் (1 கொரி 9). கொரிந்தில் பணம் படைத்தவர்கள் இருந்தார்கள். அவர்கள் வீட்டு உணவை உண்பவர் அவர்கள் விரும்புவதைப் பேச வேண்டியிருக்கும். பவுல் அந்தக் கட்டுக்குள் போகவில்லை. செல்வர் முன்கூட்டியே உண்டு முடிக்க, ஏழைகள் பசியோடு ஆண்டவரின் விருந்துக்கு வந்த கொடுமையை அவரால் கடிந்துகொள்ள முடிந்தது. அதற்கு அவருடைய ஊசியும் ஒரு காரணம்.

இதற்கு அவர் கொடுத்த விலை சிறிதல்ல. கொரிந்தியர் சிலர் மனம் நொந்தார்கள். எங்கள் உதவியை வாங்க மறுப்பது எங்கள்மேல் அன்பில்லாததால்தானே என்று எண்ணினார்கள். கையால் உழைப்பவர் உண்மையான திருத்தூதரா என்றும் ஐயுற்றார்கள். பசியும் குறைவும் அவருக்குப் பழகிப்போயின.

அதே வேளையில் பவுல் வீம்புக்காரர் அல்ல. பிலிப்பி நகர மக்கள் அன்போடு அனுப்பிய உதவியை நன்றியோடு ஏற்றார். மாசிதோனியாவிலிருந்து சீலாவும் திமொத்தேயுவும் வந்தபின், முழுநேரமும் இறைவார்த்தைப் பணியில் ஈடுபட்டார் (திப 18:5). தொழில் அவருக்குத் தெய்வமும் அல்ல, சுமையும் அல்ல. நற்செய்தியைக் கட்டின்றி வைத்திருக்க உதவிய கருவி.

இதை எழுதும்போது அருள்பணியாளர்களாகிய நாம் கொஞ்சம் தலைகுனிய வேண்டியிருக்கிறது. நாம் மக்களின் காணிக்கையால் வாழ்கிறோம். அது தவறல்ல, பவுலே அதை நியாயப்படுத்துகிறார். ஆனால் பெரிய நன்கொடை தந்தவர் முதல் வரிசையில் அமர்ந்திருக்கும்போது, மறையுரையில் நம் குரல் கொஞ்சம் தணிந்ததில்லையா? நம் தட்டில் விழும் ஒவ்வொரு நாணயத்துக்கும் பின்னால் ஒரு காய்த்த கை இருப்பதை மறந்ததில்லையா? பவுலின் ஊசி நம்மைக் குத்துகிறது. குத்தட்டும்.

பட்டறையே திருச்சபை

அக்கிலா, பிரிஸ்கில்லா குடும்பத்தைக் கொஞ்சம் பின்தொடர்வோம். பவுல் கொரிந்தை விட்டுப் புறப்பட்டபோது அவர்களும் எபேசுக்குச் சென்றார்கள். அங்கே அவர்களுடைய வீட்டில் திருச்சபை கூடியது (1 கொரி 16:19). மறைநூலில் வல்லவரான அப்பொல்லோவை அழைத்துச் சென்று, ஆண்டவரின் நெறியை அவருக்கு இன்னும் திட்டவட்டமாக விளக்கினார்கள். கூடாரம் தைக்கும் கணவனும் மனைவியும் பெரும் பேச்சாளருக்கு மறைக்கல்வி ஆசிரியர்கள் ஆனார்கள். பிறகு அவர்கள் உரோமைக்குத் திரும்பினார்கள். அங்கேயும் அவர்கள் வீட்டில் திருச்சபை கூடியது. தமக்காகத் தலையைக் கொடுக்கவும் முன்வந்தவர்கள் என்று பவுல் அவர்களைப் பாராட்டுகிறார் (உரோ 16:3-5). திருச்சபை அவர்களைப் புனிதர்களாக ஜூலை 8ஆம் நாள் நினைவுகூர்கிறது.

உரோமை, கொரிந்து, எபேசு, மீண்டும் உரோமை. போன இடமெல்லாம் தொழில், போன இடமெல்லாம் திருச்சபை. தொழில் இருந்ததால் வீடு கிடைத்தது. வீடு இருந்ததால் கதவைத் திறக்க முடிந்தது. கோபுரமும் மணியும் இல்லாத அந்த நாள்களில் ஒரு குடும்பத்தின் பட்டறை இறைமக்களுக்குக் கூரையானது.

வாரிசு யார்?

பவுல் நீரோ மன்னன் காலத்தில் உரோமையில் வாளால் வெட்டுண்டு மறைசாட்சியாக இறந்தார் என்பது திருச்சபையின் மரபு. அவருக்கு மனைவி இல்லை, மக்கள் இல்லை. தந்தையிடமிருந்து பெற்ற தொழிலைக் கையளிக்க அவருக்கு ஒரு மகனும் இல்லை. குடும்பத் தொழில் அவரோடு முடிந்துபோனது என்று உறவினர்கள் வருந்தியிருக்கலாம்.

2009ஆம் ஆண்டு ஜூன் 28 அன்று, புனித பவுல் ஆண்டின் நிறைவில், திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் ஒரு செய்தியை அறிவித்தார். உரோமையில் புனித பவுல் பெருங்கோவிலில் உள்ள கல்லறைப் பேழைக்குள் சிறு துளை வழியாக ஆய்வு செய்ததில், முதலாம் அல்லது இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த மனித எலும்புத் துணுக்குகள் கிடைத்தன. அவற்றோடு பொன் வேய்ந்த ஊதா நிற லினன் துணியின் துணுக்குகளும் நீல நிறத் துணியின் துணுக்குகளும் இருந்தன. வாழ்நாளெல்லாம் முரட்டுத் துணியோடு போராடியவரின் உடலை அன்புள்ள கைகள் விலையுயர்ந்த துணியால் போர்த்தியிருக்கின்றன. அவர்களே அவருடைய பிள்ளைகள். நாமும் அவர்களுள் ஒருவர்.

நம் பங்கில் தையல் எந்திரத்தின் முன் அமர்ந்திருப்பவர் உண்டு. தச்சர், கொத்தனார், பந்தல் போடுபவர் உண்டு. அப்பாவின் தொழிலைச் சொல்லக் கூச்சப்படும் பிள்ளைகளும் உண்டு. அதே தொழிலைப் பிள்ளைகள் செய்தே ஆகவேண்டும் என்று நாம் சொல்லவில்லை. காலம் மாறுகிறது, பட்டறைகள் மூடப்படுகின்றன. ஆனால் அந்தத் தொழிலில் இருந்த நேர்மையையும், யார் வந்தாலும் திறந்த கதவையும், வேலைக்கு நடுவே சொன்ன செபத்தையும் யார் கையளிப்பது? வீட்டையும் நிலத்தையும் பத்திரம் எழுதிக் கொடுக்கிறோம். இவற்றை எழுதிக் கொடுக்க முடியாது. கூட உட்கார்ந்து வேலை செய்யும்போதுதான் கொடுக்க முடியும்.

மண்ணுலகில் நம் உடலும் ஒரு கூடாரமே என்று கூடாரத் தொழிலாளியான பவுல் நமக்குக் கற்பித்தார். கூடாரம் ஒருநாள் பிரிக்கப்படும், கடவுள் கட்டிய வீடு நமக்கு உண்டு என்பதே அவருடைய நம்பிக்கை. அதுவரை நம் பட்டை கூரையில் உறுதியாக இருக்கட்டும். நமக்கு அடுத்து வருபவரின் பட்டை அதோடு சேர்த்துத் தைக்கப்படட்டும்.

ஆண்டவரே, எங்கள் கைகளின் உழைப்பை ஆசீர்வதியும். அந்த உழைப்பே உமது நற்செய்திக்குக் கதவாகத் திறக்கட்டும். ஆமென்.