முதலியார் செ. இராசநாயகமும் யாழ்ப்பாணத்துக் கடல் வரலாறும்

ஒரு நாட்டின் வரலாற்றை எழுதப் புகுவோர் அந்நாட்டின் இயற்கையமைப்பை முதற்கண் ஆராய்தல் வேண்டும். மலைநாட்டார் வாழ்வை மலையும், ஆற்றுவெளியில் வாழ்வார் வாழ்வை ஆறும் வகுத்தல் போல, யாழ்ப்பாணத்தார் வாழ்வை வகுத்தது கடலே. பேராறு ஒன்றேனும் இல்லாத நாடு இது. வடக்கிலும் கிழக்கிலும் பெருங்கடல் முழங்குகின்றது. தெற்கிலும் மேற்கிலும் பரவைக்கடல் எனப்படும் கடனீரேரியும் தீவுகளும் சூழ்ந்து கிடக்கின்றன. இவ்வுண்மை கண்கூடாக இருந்தும், நம் முன்னோர் இயற்றிய சரித்திர நூல்கள் பெரும்பாலும் அரசர் மரபையும், குடியேற்றத்தையும், திருக்கோயிற் பணிகளையும் கூறி அமைந்தன. கடலை அவை ஓர் எல்லையாகக் கண்டனவேயன்றி வழியாகக் காணவில்லை. நம் நாட்டு வரலாற்றைக் கடற்புறம் திருப்பி நோக்கிய பெருமைக்குரியவர் முதலியார் செ. இராசநாயகம் அவர்கள். அன்னாரது வாழ்வையும் பணியையும் இச்சிறப்பு மலர் வாயிலாக நம் கல்லூரிப் பழைய மாணவர்க்கும் இளைய மாணவர்க்கும் நினைவூட்ட விழைகின்றோம்.

முதலியார் அவர்கள் 1870ஆம் ஆண்டிற் பிறந்தவர். ஆங்கிலமும் தமிழும் நன்கு கற்று அரசாங்க சேவையிற் புகுந்து, இலங்கைச் சிவில் சேவையில் இடம்பெற்று, முதலியார் என்னும் பட்டமும் எய்தினார். அக்காலத்து அரச உத்தியோகம் மதிப்பும் வசதியும் மிக்கது. அதனோடு அமைந்து இன்புற்றிருந்தார் பலர். முதலியாரோ, உத்தியோகக் கடமை போக எஞ்சிய நேரத்தையெல்லாம் யாழ்ப்பாணத்தின் பழமையை ஆராய்வதிற் செலவிட்டார்.

அவ்வாராய்ச்சி எத்துணை இடர்ப்பாடு உடையது என்பதை இக்கால மாணவர் எண்ணிப் பார்த்தல் நன்று. இலங்கையிற் பல்கலைக்கழகக் கல்லூரி 1921ஆம் ஆண்டிலும், இலங்கைப் பல்கலைக்கழகம் 1942ஆம் ஆண்டிலுமே தோன்றின. யாழ்ப்பாணத்திற் பல்கலைக்கழக வளாகம் அமைந்ததோ 1974ஆம் ஆண்டில். 1890ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட தொல்பொருள் திணைக்களத்தின் கவனம் பெரிதும் அநுராதபுரம், பொலன்னறுவை முதலிய இடங்களிலே சென்றது. யாழ்ப்பாணத்துக்கு இருந்தவை, ஒல்லாந்தர் காலத்தில் மாதகல் மயில்வாகனப் புலவர் இயற்றிய யாழ்ப்பாண வைபவமாலையும், அதன் வழிவந்த சில நூல்களுமே. ஆ. முத்துத்தம்பிப்பிள்ளை 1912ஆம் ஆண்டிலும், க. வேலுப்பிள்ளை 1918ஆம் ஆண்டிலும் யாழ்ப்பாண வரலாறு கூறும் நூல்களை வெளியிட்டனர். கந்தரோடையிலே பழைய காசுகளும் கட்டட எச்சங்களும் உளவென்பதைப் போல் பீரிஸ் என்னும் அறிஞர் ஆராய்ந்து எழுதத் தொடங்கியதும் அக்காலத்திலேதான். இந்நிலையில், ஆசிரியர் துணையும் பெருநூலகத் துணையும் அருகியிருந்தும், தனியொருவராய் நின்று முதலியார் தம் ஆராய்ச்சியை நடத்தினார்.

அதன் பயனாகப் பண்டைய யாழ்ப்பாணம் என்னும் பொருள்படும் தலைப்புடைய ஆங்கில நூல் 1926ஆம் ஆண்டிற் சென்னையில் வெளிவந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்து வரலாற்றுப் பேராசிரியர் ச. கிருஷ்ணசுவாமி ஐயங்கார் அதற்கு முன்னுரை வழங்கினார். மிகப் பழைய காலந்தொட்டுப் போர்த்துக்கேயர் காலம் வரையுள்ள வரலாற்றைக் கூறுவது அந்நூல். அதன் புதுமை யாதெனில், வைபவமாலை ஒன்றையே பற்றி நில்லாது, நாற்றிசைச் சான்றுகளையும் ஓரிடத்துக் கூட்டியமையாம். சங்கச் செய்யுள்களும் மணிமேகலையும் ஒருபுறம், மகாவமிசம் ஒருபுறம், கிரேக்க, உரோம ஆசிரியர் எழுதிய கடற்பயணக் குறிப்புகள் ஒருபுறம், அராபியர் எழுதியன ஒருபுறம், போர்த்துக்கேயர் வரலாறுகள் ஒருபுறம். இவற்றைத் தொகுத்தபோது நடுவே தோன்றியது கடல். வேற்று நாட்டார் யாழ்ப்பாணத்தை அறிந்தது கடல்வழியாலேயாதலின், அவர்தம் ஏடுகள் நம் துறைமுகங்களையே முதலிற் பேசின.

முதலியார் எடுத்தாண்ட செய்திகளுட் சிலவற்றை இங்கே குறிப்போம். தேவநம்பிய தீசன் அசோகனிடத்து விடுத்த தூதர் சம்புகோளத் துறையில் மரக்கலம் ஏறி ஏழு நாளில் வங்கக் கரையை அடைந்தனர் என மகாவமிசம் கூறும். சங்கமித்தை வெள்ளரசுக் கிளையோடு வந்திறங்கியதும் அத்துறையிலேயே. மாதகலை அடுத்த சம்பில்துறையே அச்சம்புகோளம் என்பர் அறிஞர். உரோமப் பேரரசன் குளோதியஸ் காலத்திலே, ஒருவன் அரபிக் கரையோரம் செல்லுகையிற் காற்றினால் அலைப்புண்டு பதினைந்தாம் நாளில் இலங்கையின் இப்புரோசு என்னும் துறையை அடைந்த கதையைப் பிளினி எழுதிவைத்தான். கிரேக்க மொழியில் அப்பெயரின் முற்பகுதி குதிரையைக் குறிக்கும். மன்னாருக்குத் தெற்கேயுள்ள குதிரைமலையே அத்துறை என்னும் கொள்கையை முதலியார் வலியுறுத்தினார். 1344ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்த இபுன் பத்தூத்தா, புத்தளத்திலே ஆரியச்சக்கரவர்த்தியைக் கண்டான். அவ்வரசனுடைய மரக்கலங்களை மாபார் எனப்பட்ட சோழமண்டலக் கரையிற் கண்டதாகவும், அவை யேமன் நாட்டுக்குச் செல்வன எனவும் எழுதினான். நல்லூரை நடுவாக வைத்து நாம் எண்ணிப் பழகிய அரசு, ஒரு கடலரசாகவும் விளங்கியமை இதனாற் புலனாகும்.

கடல் இவ்வாறு வரலாற்றை வகுத்தமைக்குரிய காரணத்தை அறிய நெடுந்தூரம் செல்ல வேண்டுவதில்லை. குருநகர்க் கரைக்குச் சென்றாலே போதும். முன்னாளிற் கரையூர் என வழங்கிய அவ்வூர் யாழ்ப்பாண நகரின் கடல்வாயில். அதற்கு மேற்கே போர்த்துக்கேயர் கட்டி ஒல்லாந்தர் திருத்திய கோட்டை நிற்கின்றது. எதிரே நீர்ப்பரப்பைக் கடந்து மண்டைதீவு தோன்றுகின்றது. அங்குள்ள கடல் ஆழங்குறைந்தது. களங்கட்டி வலைகளுக்குக் கம்புகள் ஊன்றப்பட்டு நிற்பதும், வள்ளங்களை நெடுங்கழி ஊன்றிச் செலுத்துவதும் அதனாலன்றோ? பெருமரக்கலம் இங்கே அணுகாது. ஆகையினாற் பெருங்கப்பல்கள் ஊர்காவற்றுறையில் நங்கூரமிட, பண்டங்கள் சிறுகலங்களால் நகருக்குக் கொண்டுவரப்பட்டன. போர்த்துக்கேயர் அத்துறைக்கு இட்ட பெயரும் தம் மொழியில் இறங்குதுறை என்னும் பொருளுடையதே.

குருநகர்க் கரையிற் காணும் இவ்வுண்மையே பாக்கு நீரிணை முழுமைக்கும் பொருந்தும். ஆழமின்மையாலும், மன்னாருக்கும் இராமேசுவரத்துக்கும் இடைப்பட்ட மணற்றிட்டுகளாலும், பெருங்கலங்கள் இந்நீரிணையை ஊடறுத்துச் செல்லுதல் இயலாது. ஒன்று, அவை இலங்கையைச் சுற்றிச் செல்லல் வேண்டும். அன்றேற் சரக்கை இறக்கிச் சிறுகலங்களுக்கு மாற்றல் வேண்டும். மாற்றும் இடத்திலே துறை தோன்றும். துறை தோன்றிய இடத்திலே சுங்கமும் காவலும் அரசும் தோன்றும். மாந்தையும் ஊர்காவற்றுறையும் சம்பில்துறையும் இவ்வாறு சிறப்புற்றவை. சோளகமும் வாடையும் மாறி மாறி வீசுதலாற் போக்கும் வரவும் ஓர் ஒழுங்குபட்டன. முத்தும், சங்கும், யானையும், சாயவேரும் இத்துறைகள் வழியே சென்றன. இந்நிலவியல் உண்மையை நம் வரலாற்றோடு இணைத்துப் பார்க்க வழிகாட்டியதே முதலியாரின் நிலைத்த பணி என்பது நமது கருத்து.

அவர் கூறிய முடிபுகளெல்லாம் நிலைபெற்றனவா என வினவின், இல்லையென்றே விடை கூறுதல் வேண்டும். ஆரியச்சக்கரவர்த்திகளைக் கலிங்க மரபினராகக் கொண்டு, அம்மரபின் முதல்வனைக் கலிங்க மாகனோடு ஒருவனாக்கினார் முதலியார். பிற்காலத்துப் பேராசிரியர்கள் கா. இந்திரபாலாவும் சி. பத்மநாதனும் அவ்வரசரைப் பாண்டிநாட்டுத் தொடர்புடைய மரபினராகக் காட்டினர். சிங்கைநகரை வல்லிபுரத்தில் வைத்தமையும், மணிபல்லவத்தை யாழ்ப்பாணத்தோடு இயைத்தமையும் இன்றும் வாதத்துக்குரியன. பெயரொலி ஒற்றுமை ஒன்றைக் கொண்டே ஊரை நிச்சயித்தலும், காப்பியக் கதையை நிகழ்ச்சிக் குறிப்பாக எடுத்தாளலும் அவர் நூலிற் காணும் குறைகள். அவர் காலத்திலேயே, பன்மொழிப் புலவர் சுவாமி ஞானப்பிரகாசர் 1928ஆம் ஆண்டில் யாழ்ப்பாண வைபவ விமர்சனம் என்னும் நூலை வெளியிட்டு, இவ்வரலாற்றுப் பொருள்களைத் தம் நோக்கில் ஆராய்ந்தார். அறிஞர் இருவரும் பல இடங்களில் மாறுபட்டனர். அம்மாறுபாட்டினால் நம் வரலாற்றறிவு வளர்ந்ததேயன்றிக் குறைந்ததில்லை.

இங்கே நாம் ஒன்றைத் தெளிவாகக் கூற விரும்புகின்றோம். முதலியார் நூலை நம்மவர் இருவகையாகப் பயன்படுத்தக் காண்கின்றோம். ஒருசாரார், அவர் எழுதினாராதலின் அது முடிந்த உண்மை எனக் கொண்டு, வேறு சான்று தேடாது மேடைதோறும் எடுத்துரைப்பர். மற்றொருசாரார், அவர் கூற்றுட் சில பிழைபட்டமை கண்டு, நூலையே புறக்கணிப்பர். இருவரும் அப்பெரியாருக்கு நீதி செய்தாரல்லர். முன்னோர் சொல்லைச் சான்றோடு ஒப்பிட்டு ஆராய்ந்தே ஏற்க வேண்டும் என்பதைத் தம் செயலாற் காட்டியவர் அவர். வைபவமாலையை அவர் எவ்வாறு ஆராய்ந்தாரோ, அவ்வாறே அவர் நூலையும் நாம் ஆராய்தலே அவருக்கு ஏற்ற வழிபாடு.

அவருக்குப் பின் வெளிப்பட்ட சான்றுகளை நோக்குமிடத்து, முடிபுகளிற் பிழைத்த இடத்தும் அவர் தேடிய திசை பிழைக்கவில்லை என்பது தெளிவாகும். 1936ஆம் ஆண்டில் வல்லிபுரத்திற் கிடைத்த பொற்றகடு நாகதீபம் என்னும் பெயரைத் தாங்கியிருந்தது. யாழ்ப்பாணமே நாகதீபம் என்பதற்கு அது வலிமை தந்தது. நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயிலிலுள்ள தமிழ்ச் சாசனத்தைப் பேராசிரியர் இந்திரபாலா 1963ஆம் ஆண்டில் ஆராய்ந்து வெளியிட்டார். முதலாம் பராக்கிரமபாகுவின் ஆணையாகிய அது, பரதேசிகள் ஊராத்துறையிலே வந்திறங்க வேண்டும் எனவும், அவர்களுக்குக் காவல் வேண்டும் எனவும் விதிக்கின்றது. ஆனையும் குதிரையும் கொண்டுவரும் மரக்கலம் கெட்டால் நாலில் ஒரு பங்கு பண்டாரத்துக்கும் மூன்று பங்கு உடையவனுக்கும் உரியன. வாணிகச் சரக்குக் கொண்டுவரும் மரக்கலம் கெட்டாற் செம்பாகம் பண்டாரத்துக்கும் செம்பாகம் உடையவனுக்கும் உரியன. ஏறக்குறைய 850 ஆண்டுகளுக்கு முன் நம் தீவுக்கடலில் வழங்கிய கடற்சட்டம் இது. 1970ஆம் ஆண்டிற் கந்தரோடையில் நடந்த அகழ்வும், அல்லைப்பிட்டியில் வெளிப்பட்ட சொங் அரசர் காலத்துச் சீன மட்கலங்களும், 1980ஆம் ஆண்டு முதல் மாந்தையில் நடந்த அகழ்வுகளும் இக்கடல்வழித் தொடர்பை மண்ணினின்று எடுத்துக் காட்டின. குருநகர்க்கு எதிரேயுள்ள மண்டைதீவுக்கு அப்பால், வேலணைத் தீவின் கரையிலே சீனத்துக் கலங்கள் கிடந்தன என்பது எண்ணுந்தோறும் வியப்பளிப்பது.

முதலியார் அவர்கள் ஆங்கில நூலோடு அமையவில்லை. ஆங்கிலம் அறியாத தம் நாட்டாரும் தம் வரலாற்றை அறிதல் வேண்டும் எனக் கருதி, 1933ஆம் ஆண்டில் யாழ்ப்பாணச் சரித்திரம் என்னும் நூலைத் தமிழில் வெளியிட்டார். அடுத்த ஆண்டில் ஆங்கிலேயர் கால வரலாறும் தமிழில் வெளிவந்தது. 1938ஆம் ஆண்டில், வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்ட அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல் அமெரிக்கக் கரையை அடைந்தது. அவர் ஏடுகளில் ஆராய்ந்த மரக்கலத் தொழில் அவர் கண்ணெதிரே உயிரோடிருந்தமைக்கு அது சான்று. 1940ஆம் ஆண்டு தைத் திங்களில் முதலியார் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

அவர் மறைந்தபின் நாம் இழந்தவை பல. 1981ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியுண்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் அழிந்தன. போர்க்காலத்திற் கடல் தடைசெய்யப்பட்ட ஆண்டுகளில் வள்ளங்கள் அழிந்தன, மக்கள் இடம்பெயர்ந்தனர், தந்தையிடமிருந்து மகனுக்கு வரவேண்டிய தொழிலறிவும் இடையறுந்தது. எரிந்த ஏட்டை மீட்டல் அரிது. இன்னும் எஞ்சியுள்ள அறிவைக் குறித்துவைத்தலோ நம் கையில் உள்ளது. காற்றின் பெயர்கள், நீரோட்டத்தின் குறிகள், கலத்தின் உறுப்புகள், வலைவகைகள், பாய்க்கப்பற் காலத்துத் துறைகளின் நினைவு ஆகியன குருநகரிலும் பாசையூரிலும் ஊர்காவற்றுறையிலும் வல்வெட்டித்துறையிலும் முதியோர் வாய்மொழியாக இன்னும் வாழ்கின்றன. அவற்றைக் கேட்டு எழுதுதற்குப் பெருநூலகமோ பட்டமோ வேண்டுவதில்லை. ஒரு கொப்பியும் பொறுமையும் மரியாதையும் போதும்.

நம் மாணவர் விடுமுறை நாளில் இப்பணியை மேற்கொள்வாராக. பழைய மாணவர் தத்தம் வீட்டுப் பெட்டகங்களிற் கிடக்கும் தோணிக் கணக்கு, உறுதி, கடிதம் முதலியவற்றைச் செல்லரிக்குமுன் நூலகங்களிற் சேர்ப்பாராக. உத்தியோகக் கடமைக்கு இடையே ஒருவர் தனித்துச் செய்த பணி இத்துணைப் பயன் தந்ததெனின், நாம் பலர் கூடிச் செய்யும் பணி எத்துணைப் பயன் தாராது! அதுவே முதலியார் இராசநாயகம் அவர்களுக்கு நாம் செலுத்தும் நன்றிக்கடனாகும்.