பட்டம் வாங்கித் தந்த எண்கள்: ராமானுஜன் கதை

கேமரன் மலையில் 60 கிலோ தேயிலைக் கொழுந்து பறிச்சிருக்கீங்கன்னு வெச்சுக்கோங்க. 2, 3, 4, 5, 6 என எத்தனை பங்கு போட்டாலும் மீதமே வராது. 60-க்கு 12 காரணிகள். அதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இத்தனை கிடையாது.

இப்படிப்பட்ட எண்களைத் தேடிப் போனவர் கும்பகோணத்தில் வளர்ந்த ராமானுஜன். கணக்கில் கெட்டி, மற்ற பாடங்களில் தோற்றதால் கல்லூரிப் படிப்பு பாதியில் நின்றது. 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் எழுத்தர் வேலை. 1914-இல் கேம்பிரிட்ஜ் பயணம்.

1915-இல் வெளியான கட்டுரையில் இந்த எண்களை 6,746,328,388,800 வரை பட்டியலிட்டார். அதற்கு மட்டும் 10,080 காரணிகள்! எல்லாம் கையால் போட்ட கணக்கு. ஒன்றே ஒன்று விடுபட்டது: 293,318,625,600.

அந்த ஆய்வுக்குத்தான் 1916-இல் கேம்பிரிட்ஜ் பட்டம் தந்தது. 1920-இல், 32 வயதில் மறைந்தார்.

24, 36 இரண்டும் அந்தப் பட்டியலில் உண்டு. நீங்களே சோதிச்சுப் பாருங்க.