வனிலாவைக் காய்க்கச் செய்தவர்

இந்தியப் பெருங்கடலில், மடகாஸ்கருக்குக் கிழக்கே, ரெயூனியன் என்னும் மலைத்தீவு ஒன்று உளது. முன்னாளில் பூர்போன் எனப் பெயர் பெற்றிருந்த அத்தீவில், பிரெஞ்சுக்காரர் அடிமைகளைக் கொண்டு பயிர்த்தொழில் நடத்தி வந்தனர். அங்குள்ள செயிண்ட் சூசான் என்னும் ஊரில் 1829ஆம் ஆண்டில் அடிமைக் குழந்தையாக எட்மண்டு பிறந்தான். ஈன்ற பொழுதே அன்னை இறந்தாள். பெல்லியே-போமோன் என்னும் தோட்ட உரிமையாளர் அவனை வளர்த்தார். அவர் செடிகொடிகளை ஆராய்வதில் பெருவிருப்பம் உடையவர். எட்மண்டு எழுத்தறியான், எனினும் நாள்தோறும் அவர்பின் சென்று மலர்களின் இயல்பை நன்கு அறிந்தான்.

அத்தோட்டத்தில் வனிலாக் கொடி ஒன்று இருந்தது. வனிலா ஆர்க்கிடு இனத்தைச் சார்ந்தது. வெப்பமும் ஈரமும் மிக்க மெக்சிகோ நாட்டுக் காடுகள் அதன் தாயகம். அங்கே அது மரங்களைப் பற்றி ஏறி, இலைகளினூடே வடிந்துவரும் வெயிலில் செழித்து வளரும். பூர்போன் தீவினரும் அதற்குப் பற்றுமரமும் நிழலும் ஈரமும் குறைவற அமைத்தனர். கொடி தழைத்தது, பூத்தது, காய்க்கவில்லை. அது பிறந்த காட்டில் அம்மலரை நாடிவரும் தேனீக்கள் இத்தீவில் இல்லை. மகரந்தத்திற்கும் சூல்முடிக்கும் இடையே மெல்லிய மடல் ஒன்று திரைபோல் நிற்பதால், மலர் தானே சூல்கொள்ளவும் இயலாது. காலையில் விரியும் பூ அன்றே வாடிவிடும். பெல்ஜியத்தில் மோரன் என்னும் அறிஞர் 1836இல் கையால் மகரந்தம் சேர்த்துக் காய் கண்டார். ஆயினும் அவர் முறை தோட்டங்களில் பரவவில்லை.

1841ஆம் ஆண்டு ஒருநாள் தோட்டத்தைச் சுற்றிவந்த பெல்லியே-போமோன், கொடியில் காய் தொங்கக் கண்டு வியந்தார். அது தன் செயலே என்றான் எட்மண்டு. அவனுக்கு அப்போது வயது பன்னிரண்டு. அவர் முதலில் நம்பவில்லை. பின்னும் காய்கள் தோன்றவே, செய்து காட்டுமாறு பணித்தார். தர்ப்பூசணியின் ஆண்மலரைப் பெண்மலரோடு சேர்க்க அவரே முன்னர்க் கற்பித்திருந்தார். அதனை நினைவிற்கொண்ட சிறுவன், மெல்லிய குச்சியால் இடைமடலை உயர்த்தி, மகரந்தத்தைப் பெருவிரலால் சூல்முடியின்மேல் அழுத்தினான். நொடிப்பொழுதில் வேலை முடிந்தது!

இச்செய்தி பரவிற்று. தோட்டந்தோறும் அவனை வண்டியில் அழைத்துச் சென்று, பிற அடிமைகளுக்கு அம்முறையைக் கற்பிக்கச் செய்தனர். 1848இல் ஏறக்குறைய 50 கிலோ வனிலாவை ஏற்றுமதி செய்த தீவு, 1898இல் சுமார் 200 டன் ஏற்றுமதி செய்தது. இன்றும் மடகாஸ்கர் முதலிய நாடுகளில் ஒவ்வொரு பூவையும் இவ்வாறே கையால் தொட்டுக் காய்க்கச் செய்கின்றனர்.

1848ஆம் ஆண்டின் இறுதியில் அத்தீவில் அடிமைமுறை ஒழிந்தது. விடுதலை பெற்ற எட்மண்டுக்கு ஆல்பியசு என்னும் குடும்பப்பெயர் கிடைத்தது. நிலமோ பொருளோ கிடைக்கவில்லை. அவரால் செல்வரானோர் பலர். அவருக்குப் பங்களித்தோர் இலர். நகரத்தில் வேலைக்கு அமர்ந்த அவர், நகைத் திருட்டு வழக்கொன்றில் சிறை புகுந்தார். பெல்லியே-போமோன் அவர்பொருட்டு ஆளுநரிடம் முறையிட்டார். தண்டனைக்காலம் முடியுமுன்னரே எட்மண்டு வெளிவந்தார்.

துன்பம் அத்துடன் நீங்கவில்லை. ரிஷார் என்னும் தாவரநூல் வல்லுநர், அம்முறையைத் தாமே தீவினர்க்குக் கற்பித்ததாக உரிமை கொண்டாடினார். அடிமைச் சிறுவன் ஒருவன் தானே சிந்தித்துக் கண்டான் என்பதை ஏற்கப் பலருக்கு மனம் வரவில்லை போலும். உண்மையை அறிந்த பெல்லியே-போமோன் வாளாவிருக்கவில்லை. எட்மண்டே அதனைக் கண்டவர் என்று விளக்கமாக எழுதி, வரலாற்றில் அவர் பெயரை நிலைநிறுத்தினார்.

எட்மண்டு 1880ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் செயிண்ட் சூசானில் வறியவராகவே காலமானார். பிற்காலத்தில் அவ்வூரார் அவருக்கு நினைவுச்சின்னம் எழுப்பினர்.